கண்ணீர் நின்றதும் வந்த கோபம்

"இவருக்கு அழுகை நிண்டிட்டுது டொக்டர். இரவிலையும் கொஞ்சம் நித்திரை கொள்ளுறார். ஆனா இப்ப ஆரும் ஒண்டு கேட்டால் சுள்ளெண்டு பாயுறார். பிள்ளையள் கிட்டப் போகவே பயப்படுதுகள்."

மனச்சோர்வுக்குக் குளிசை தொடங்கிய இரண்டாம் மூன்றாம் கிழமையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று கிளினிக்கில் சொல்லக்கூடிய முறைப்பாடு இது. பல வீடுகளில் இது கிளினிக் வரை வருவதே இல்லை. 'மருந்து ஒத்துக்கொள்ளேல்லை' என்று வீட்டுக்குள்ளேயே தீர்ப்பாகி, குளிசைகள் அலுமாரிக்குள் போய்விடுகின்றன. இல்லாவிட்டால் 'வருத்தம் முத்திப்போச்சு' என்கிறார்கள். எல்லாவற்றிலும் கொடியது மூன்றாவது தீர்ப்பு: 'இதுதான் அவற்றை உண்மையான குணம், இப்பதான் வெளியிலை வருது.'

மூன்று தீர்ப்பிலும் ஒரு கேள்வி விடுபட்டுவிடுகிறது. இந்தக் கோபம் எப்போது தொடங்கியது? குளிசைக்கு முந்தியா, பிந்தியா? பிந்தியென்றால் எத்தனையாம் நாள்? அளவு கூட்டிய பிறகா, இரண்டு நாள் தவறிய பிறகா? மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரின் எரிச்சலுக்குப் பல ஊற்றுகள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரியான கோபந்தான். தொடங்கிய திகதிதான் அவற்றைப் பிரித்துக் காட்டும். பிரித்தறிவது வீண்வேலை அல்ல. ஓர் ஊற்றுக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், இன்னொன்றுக்குக் கூட்ட வேண்டியிருக்கும்.

முதல் ஊற்று நோயேதான். மனச்சோர்வு என்றதும் சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவர்தான் நம் மனக்கண்ணில் வருகிறார். அதே நோய் சிடுசிடுப்பாகவும் வரும். அமெரிக்காவில் நடந்த 'ஸ்டார்-டி' என்ற பெரிய சிகிச்சை ஆய்வில் சேர்ந்தவர்களிடம் கேட்டபோது, பத்தில் நால்வர் முந்திய கிழமையின் பாதி நேரமாவது எரிச்சலோடு இருந்ததாகச் சொன்னார்கள். சிறுவர்களிலும் பதின்ம வயதினரிலும் கவலைக்குப் பதிலாக எரிச்சலே முதன்மைக் குறியாக வரலாம் என்று நோய்நிர்ணயக் கையேடுகளும் சொல்கின்றன. பள்ளிக்கூடம் போக மறுத்துக் கதவை அடித்துச் சாத்தும் பதினைந்து வயதுப் பிள்ளையை 'வாய்காட்டுறான்' என்று அடிக்கும் முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்த ஊற்று மிக ஆழமானது. போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ் மாவட்டத்தில் 1,448 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயின. மனச்சோர்வுக்கான குறிகள் 22.2 வீதமானோரிடம் இருந்தன. பதகளிப்பு 32.6 வீதம். நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயின் குறிகள் 7 வீதம். கடைசியாகச் சொன்ன நோயில் திடீர்க் கோபம் ஓர் அடிப்படைக் குறி. சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுவது, நித்திரை குழம்புவது, தொட்டதற்கெல்லாம் சீறுவது ஆகியவை அந்நோயில் சேர்ந்தே வருகின்றன. உடல் இன்னும் ஷெல்லுக்குக் காத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் இந்த வடுக்களைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார். போர் தனிமனிதரோடு நின்றுவிடாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் காயப்படுத்தியது என்பது அவரது எழுத்துகளின் மையமான கருத்து. எனவே ஓர் ஆணோ பெண்ணோ குளிசை போடத் தொடங்குவதற்கு ஆண்டுக்கணக்காக முன்பே வீட்டில் கோபம் இருந்திருக்கக்கூடும். சோர்ந்து படுத்திருந்த மாதங்களில் அது வெளியே தெரியாமல் இருந்து, உடம்பில் சற்றுத் தெம்பு வந்ததும் திரும்பித் தலைகாட்டலாம். அப்போது பழி குளிசைமேல் விழும்.

இப்படிச் சொல்வதால் மருந்துக்குப் பங்கில்லை என்று ஆகிவிடாது. பங்கு உண்டு. அதை மறைப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகளின் காலத்திலேயே, தொடக்க நாட்களில் சிலருக்கு உள்நடுக்கமும் பதற்றமும் எரிச்சலும் நித்திரைக் குழப்பமும் ஒன்றாக வருவதை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். பதகளிப்பு நோய் உள்ளவர்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. இதைப்பற்றி வெளிவந்த ஆய்வுகளை 2009 இல் தொகுத்துப் பார்த்தவர்கள், எத்தனை பேருக்கு இது வருகிறது என்பதற்கு 4 வீதத்திலிருந்து 65 வீதம் வரை கணக்குகள் சிதறிக்கிடப்பதைக் கண்டார்கள். ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு விதமாக அளந்திருந்தது. 2004 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விடுத்த எச்சரிக்கையில், இம்மருந்துகள் எடுப்பவர்களிடம் கவனிக்க வேண்டியவை என்று பதற்றம், நித்திரையின்மை ஆகியவற்றோடு எரிச்சலும் பகைமையுணர்வும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன. ஆகவே 'குளிசை போட்ட பிறகுதான் எனக்கு இப்பிடி' என்று ஒருவர் சொன்னால் அது மனப்பிரமை என்று ஒதுக்க எவருக்கும் உரிமை இல்லை.

எப்படி இது நடக்கிறது? புளுவொக்செற்றீன், செர்ற்றலீன் வகைக் குளிசைகள் மூளையின் நரம்புக்கலங்கள் வெளியிட்ட செரோட்டோனினை அக்கலங்களே திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. இந்தத் தடை முதல் குளிசை விழுங்கிய சில மணித்தியாலங்களிலேயே தொடங்கிவிடுகிறது. மனம் தேறுவதற்கோ இரண்டு முதல் ஆறு கிழமை பிடிக்கிறது. இந்த இடைவெளிக்கு ஒரு காரணமாகக் கருதப்படுவது நரம்புக்கலத்திலுள்ள ஓர் உணரி. வீட்டுக் கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தாங்கியின் மிதவையைப் போல அது வேலை செய்கிறது. மட்டம் ஏறியதும் வரத்தைக் குறைத்துவிடும். குளிசையால் செரோட்டோனின் மட்டம் ஏறியதும் இந்த மிதவை கலத்தின் சுரப்பை அடக்குகிறது. நாள் போகப் போக மிதவை தளர்ந்து, சுரப்பு வழமைக்குத் திரும்பி, மருந்தின் முழுப் பயனும் கிடைக்கிறது. அதற்குள், அச்சத்தையும் ஆபத்தையும் எடைபோடும் அமிக்டலாப் பகுதியிலுள்ள வேறு சில ஏற்பிகள் முதல் நாளிலிருந்தே கூடுதல் செரோட்டோனினை உணரத் தொடங்கிவிடுகின்றன. எலிகளுக்கு ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்தால் அச்சம் கூடுகிறது. '2சி' என்ற வகை ஏற்பியை அடைத்துவிட்டால் அந்தக் கூடுதல் அச்சம் வருவதில்லை. பல நாள் தொடர்ந்து கொடுத்தாலோ அச்சம் குறைந்துவிடுகிறது. நன்மை பின்னால் வர, தொல்லை முன்னால் வந்துவிடும் அந்தச் சில கிழமைகள்தாம் வீட்டில் சண்டை மூளும் கிழமைகள்.

இதே மருந்து கோபத்தைத் தணிக்கவும் செய்கிறது. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் சில பெண்களுக்கு வரும் கடும் சினத்துக்கும் மனக்கொந்தளிப்புக்கும் இதே குளிசைகளைத்தான் கொடுக்கிறார்கள். அங்கே சில நாட்களிலேயே குணம் தெரிகிறது. மனச்சோர்வோடு கோபவெடிப்பு உள்ள பலருக்கும் நோய் தேறும்போது கோபமும் அடங்குகிறது. கோபத்தைக் கண்டதும் குளிசையைக் குப்பையில் போடுவது பிழையாகிவிடக்கூடியது இதனால்தான்.

தொடக்கக்கால எரிச்சல் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று கிழமைகளில் தானாகவே தணியும். தணியாவிட்டால் மருத்துவரிடம் வழிகள் உண்டு. தொடக்க அளவைப் பாதியாக்கி மெல்ல மெல்ல ஏற்றலாம். இரவில் போட்ட புளுவொக்செற்றீனைக் காலைக்கு மாற்றலாம், அது நித்திரையைக் கெடுத்து அடுத்த நாள் கோபத்தை வளர்த்திருக்கக்கூடும். வேறு மருந்துக்கு மாறலாம். இவற்றில் எதுவும் பெரிய வைத்தியம் அல்ல. ஆனால் கிளினிக்கில் சொன்னால்தான் நடக்கும்.

இனி அவசரமானவை. அவற்றில் ஒன்றை 1901 இல் செக் நாட்டு மருத்துவர் லடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் அகதீசியா என்று பெயரிட்டு விவரித்தார். மனநோய்க்கான இன்றைய மருந்துகள் எவையும் பிறக்காத காலம் அது. இருக்க முடியாது, நிற்க முடியாது, கால்கள் ஓயாமல் அசையும், முற்றத்துக்கும் விறாந்தைக்கும் நடந்துகொண்டே இருப்பார். உள்ளே ஏதோ தோலைப் பிய்த்துக்கொண்டு வெளியேறப் பார்ப்பது போன்ற தாங்கமுடியாத அந்தரம். பார்ப்பவருக்கு அது கோபமாகத் தெரியும். மனநோய்க்கான வேறு மருந்துகளால்தான் இது கூடுதலாக வருகிறது, என்றாலும் மனச்சோர்வுக் குளிசைகளாலும் வரும். சகித்துக்கொண்டு மாதக் கிளினிக்குக்குக் காத்திருக்கக்கூடிய நிலை இது அல்ல. இந்த அந்தரம் தாங்காமல் உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு வரும். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, எரிச்சலோடு சேர்ந்து வரும் அளவுக்கு மீறிய உற்சாகம். இரண்டு மணித்தியாலம் படுத்து எழும்பியும் களைப்பில்லை, ஓயாத பேச்சு, கடன் வாங்கிச் செலவு, யாராவது குறுக்கே பேசினால் ஆத்திரம். இது இருதுருவ நோயின் மறுமுகமாக இருக்கலாம். அந்த நோய் உள்ளவருக்கு மனச்சோர்வுக் குளிசையை மட்டும் தனியாகக் கொடுப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும், சிகிச்சையின் திசையே மாற வேண்டியிருக்கும். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்திருந்தால், சம்பந்தம் பேசும்போது மறைத்த அந்தச் செய்தியை மருத்துவரிடமாவது மறைக்கக் கூடாது. இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை முதல் கிழமைகளில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்க எச்சரிக்கைக்கு அடிப்படையான, சிறுவர்களிலும் பதின்ம வயதினரிலும் நடந்த ஆய்வுகளில், தற்கொலை எண்ணமோ நடத்தையோ மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தவர்களில் 2 வீதமாகவும் மருந்து எடுத்தவர்களில் 4 வீதமாகவும் இருந்தது. அந்த ஆய்வுகளில் எவரும் தற்கொலை செய்து இறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வயதானவர்களில் எரிச்சலும் தடுமாற்றமும் திடீரென்று வந்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் குளிசைகள் சோடியத்தைக் குறைக்கக்கூடியவை. பிரஷருக்குச் சலம் போக்கும் குளிசையும் எடுப்பவருக்கு ஆபத்து இன்னும் கூடும். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இங்கே தனியே இருக்கும் தாய் தகப்பனிடம் இந்த மாற்றத்தைத் தொலைபேசியில் கண்டுபிடிப்பது கடினம். 'அம்மா இப்ப ஒரே புறுபுறுப்பு' என்று தோன்றினால், வயது போனதால் என்று விட்டுவிடாமல் ஓர் இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்கு செய்யுங்கள்.

அடுத்த ஊற்றைப் பற்றி இந்த மண்ணில் சற்று விரிவாகவே பேச வேண்டும். அது தவறிய குளிசை. மூளை மருந்துக்குப் பழகிய பின் அது திடீரென்று நின்றுபோனால் இரண்டு மூன்று நாட்களில் தலைச்சுற்று, குமட்டல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வு, இவற்றோடு கடும் எரிச்சலும் வரலாம். 2024 இல் வெளிவந்த ஒரு பெருந்தொகுப்பு ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 வீதமானோருக்கு இத்தகைய குறிகள் வந்தன. தங்களுக்குத் தெரியாமலே போலிக் குளிசை எடுத்து நிறுத்தியவர்களிலும் 17 வீதமானோருக்கு வந்தன. எந்தக் குளிசை என்பதைப் பொறுத்து இது மாறும். வென்லாபக்சின் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணித்தியாலம் போதும். பரொக்செற்றீனுக்கு ஒரு நாள் அளவு. தொடர்ந்து எடுத்த புளுவொக்செற்றீனுக்கோ 4 முதல் 6 நாள், உடலில் அது மாறி உருவாகும் பொருளுக்கு அதைவிடவும் நீண்ட காலம். எனவே புளுவொக்செற்றீன் ஒரு நாள் தவறினால் பெரும்பாலும் தெரியாது. வென்லாபக்சின் ஒரு வேளை தவறினாலே சிலருக்கு மாலைக்குள் தெரிந்துவிடும்.

குடாநாட்டில் குளிசை தவறுவதற்கு நோயாளியின் மறதி மட்டும் காரணமாக இருந்ததில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மருந்துகள் வருவதே பெரும்பாடு. 2006 ஒகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது அது மறுபடியும் நடந்தது. 2022 இல் நாடு வங்குரோத்தானபோது மருந்துத் தட்டுப்பாடு இலங்கை முழுவதையும் பிடித்தது, பெற்றோல் வரிசையில் பஸ்களும் நின்றன. நெடுந்தீவிலிருந்து கிளினிக்குக்கு வருபவர் கடல் கொந்தளித்தால் குறிகட்டுவானுக்கு வர முடியாது. அவருக்கு ஒரு கிழமைக்கான குளிசையைக் கையிருப்பாகக் கூடுதலாகக் கொடுப்பதை ஒவ்வொரு கிளினிக்கும் வழமையாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதற்குப் புதுக் கட்டடமோ புது நிபுணரோ தேவையில்லை.

நாமே தவறவிடும் நாட்களும் உண்டு. கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீர்கூடக் குடியாமல் விரதம் இருப்பவர்கள் குளிசையையும் விட்டுவிடுகிறார்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் வீட்டு ஒழுங்கே மாறிவிடும், காலைக் குளிசை மத்தியானத்துக்குப் போய் மறந்தும் போகும். விரதம் தொடங்கு முன் மருத்துவரிடம் கேட்டால், எந்தக் குளிசையை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று சொல்வார். மருந்து எடுப்பது விரதத்துக்குக் குறை என்று எந்தத் தெய்வத்தின் பெயராலும் நோயாளியை வருத்த வேண்டாம்.

சுகம் வந்துவிட்டது என்று நிறுத்துவதும் பெரிய சிக்கல். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி, குணமான பின்னும் 9 முதல் 12 மாதங்கள் மருந்தைத் தொடரச் சொல்கிறது. அதற்குப் பின்னும் அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நிறுத்திய சில நாட்களிலேயே கோபம் வந்தால் அது பெரும்பாலும் மருந்து நின்றதன் விளைவு. பல கிழமைகள் நன்றாக இருந்து, பிறகு நித்திரை கெட்டு, சாப்பாடு குறைந்து, அதோடு எரிச்சலும் வந்தால் நோய் திரும்புகிறது என்று எடுக்கலாம். இங்கேயும் திகதிதான் வழிகாட்டி. கிளினிக் கொப்பியின் பின் பக்கத்தில் குளிசை தொடங்கிய நாள், அளவு மாறிய நாள், தவறிய நாள், கோபம் வெடித்த நாள் ஆகியவற்றை வீட்டில் ஒருவர் குறித்துவைத்தால் போதும். நூறு பேர் காத்திருக்கும் கிளினிக்கில் மருத்துவருக்கு ஒருவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். அந்தச் சில வரிகள் அப்போது கைகொடுக்கும்.

மருந்து சரியாகும் வரை வீட்டில் என்ன செய்வது? நித்திரையைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, ஏனென்றால் நித்திரை கெட்டவரின் கோபத்தை எந்த அறிவுரையும் அடக்காது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பிளேன்ரீயை விட்டுவிடலாம். புளுவொக்சமின் என்ற குளிசை எடுப்பவர் தேநீர் கோப்பி விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அது உடலிலிருந்து கபேன் வெளியேறுவதைப் பெரிதும் தாமதமாக்கிவிடும். கள்ளும் சாராயமும் தற்காலிகமாகத் தணிப்பதுபோலத் தோன்றினாலும் நித்திரையைக் குலைத்து அடுத்த நாள் எரிச்சலை இரட்டிப்பாக்கும்.

கோபம் ஏறுவதை அதன் தொடக்கத்திலேயே உடம்பில் உணரப் பழகலாம். தாடை இறுகும், காது சுடும், மூச்சு மேலே நிற்கும். அந்த நேரத்தில் 'நான் கொஞ்சம் வெளியிலை போட்டு வாறன்' என்று சொல்லிவிட்டு எழும்பிப் போவதை வீட்டார் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சொல்லாமல் போனால் அது இன்னொரு சண்டைக்கு வித்தாகும். போகிறவரைப் பின்தொடர்ந்து படலை வரை போய் 'இப்ப என்ன சொல்லிப்போட்டன்' என்று கேட்பதை மற்றவர் நிறுத்த வேண்டும். தளர்வுப் பயிற்சிகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல மரபு உண்டு. மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான செபத்தையும் மூச்சுப்பயிற்சியையும் யோகாசனத்தையும் சிகிச்சையோடு சேர்க்கலாம் என்று தயா சோமசுந்தரம் எடுத்துக்காட்டியிருக்கிறார். சைவர் மந்திரத்தைச் சொல்லலாம், கத்தோலிக்கர் செபமாலையை உருட்டலாம், முஸ்லிம்கள் திக்ரு ஓதலாம். மெதுவாக வெளிவிடும் நீண்ட மூச்சு மூன்றுக்கும் பொதுவானது. அது இதயத் துடிப்பைத் தணிக்கிறது.

பிள்ளைகளுக்கும் விளக்கம் வேண்டும். 'அப்பாவுக்கு ஒரு வருத்தம், அதுக்கு மருந்து எடுக்கிறார், அந்த மருந்தாலை கொஞ்ச நாளைக்குக் கெதியாக் கோவம் வரும், நீ ஒண்டும் பிழை செய்யேல்லை' என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லலாம். கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மறைத்தால் பிள்ளை காரணத்தைத் தன்னிடமே தேடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குளிசையால் வந்த எரிச்சல் கைநீட்டுவதற்கு அனுமதி ஆகாது. அடி விழும் வீட்டில் முதல் கடமை அடி வாங்குபவரின் பாதுகாப்பு, மருந்தின் அளவைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு. பெண்கள் 1938 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

குடாநாட்டில் உதவி எட்டாத தூரத்தில் இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. சாந்திகம் என்ற அமைப்பு 1987 முதல் உளவளத்துணை வழங்கிவருகிறது. குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அடுத்த கிளினிக் நாள் தூரமாக இருந்தால் அதற்கு முன்பே போய் நிலைமையைச் சொல்லுங்கள். இருக்க முடியாத அந்தரமோ, சாகவேண்டும் என்ற எண்ணமோ, யாரையாவது தாக்கிவிடுவேன் என்ற பயமோ வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இரவும் பகலும் இயங்குகிறது. 1990 ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.